அடங்கல்ல சம்பா, வயல்ல வாழை

பேராண்டி, என் புத்திமதியக் கேட்டு நடந்தா ஒனக்கு ஒரு கொறையும் வராது. கீபோர்டுக்குள்ள போடுற ஃபர்ம்வேர்னு ஒண்ணு எழுதுறியே, அத நல்லா எழுது. அது எப்புடி வேல செய்யுதுன்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வைக்கிறாங்க பாரு, அத மட்டும் திருத்தாத. மூணு வருசத்துக்கு முன்னால எப்புடி இருந்துச்சோ அப்புடியே விட்டுரு. குறிப்பு சரியா இருந்தா படிக்கிறவன் தன்னால செஞ்சு முடிச்சுட்டுப் போயிருவான். அப்புறம் ஒன்ன யாரு தேடுவா? ராத்திரி பன்னண்டு மணிக்கு "அண்ணே, பலக செத்துப் போச்சு, காப்பாத்துங்க"ன்னு எவன் எழுதுவான்? தப்பா எழுதி வச்சாத்தான் நீ பெரிய மனுசன்.

இத நான் அனுபவத்துல சொல்றேன். தாலுகா ஆபீஸ் வாசல்ல, புளியமரத்தடியில, டைப்ரைட்டர் போட்டு மனு அடிச்சுக் கொடுத்தவன் நான். ஒங்கப்பன் படிப்பு, ஒன் அத்தை கல்யாணம், குடமுருட்டிக் கரையில இருக்குற அந்த அஞ்சு மா நெலம், எல்லாம் எதுல வந்துச்சுன்னு நெனக்கிற? புஸ்தகத்துல ஒண்ணு எழுதியிருக்கும், நெலத்துல வேற ஒண்ணு இருக்கும். அந்த வித்தியாசத்துல வந்துச்சு. கணக்கு சரியா இருந்தா மனு எதுக்கு? தப்பான புஸ்தகந்தான் எனக்குச் சோறு போட்டுச்சு. அதனால அதோட அரும பெரும எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஒங்க பெங்களூர் கம்ப்யூட்டர்க்காரனுக்குத் தெரியாது.

அடங்கல்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா? ஊர்ல எந்த சர்வே நம்பர்ல எவ்வளவு நெலம், யாரு சாகுபடி, என்னா பயிரு நிக்கிதுன்னு பசலிக்குப் பசலி எழுதுற கணக்கு. பசலி வருசம் ஜூலை 1ல பொறக்கும், ஜூன் 30ல முடியும். 1980 வரைக்கும் கர்ணம் எழுதுனாரு. அந்த வருசம் எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பர உத்தியோகத்த ஒழிச்சாரு, அப்புறம் வி.ஏ.ஓ. வந்து எழுதுனாரு. ஆளு மாறுச்சு, சில எடத்துல வழக்கம் மாறல. வழக்கம் என்னான்னா, வயலுக்குப் போறதில்ல. ஃபேனுக்கு அடியில உக்காந்து போன வருசத்துப் புஸ்தகத்தப் பாத்து இந்த வருசத்துப் புஸ்தகத்துல எழுதுறது. போன பசலியில சம்பாவா? இந்தப் பசலியிலயும் சம்பா. வயல்ல பாத்தா வாழ தார் தள்ளி நிக்கிது.

யாருக்கு நட்டம்? எழுதுனவருக்கு இல்ல. நெல்லு போட்டவன் மூட்டைய வண்டியில ஏத்திக்கிட்டு கொள்முதல் நெலையத்துக்குப் போவான். சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டாம்பான். அடங்கல்ல அவன் நெலம் தரிசுன்னு இருக்கும். கையில நெல்லு இருக்கு, புஸ்தகத்துல நெல்லு இல்ல. எது ஜெயிக்கும்? புஸ்தகம் ஜெயிக்கும். யு.டி.ஆர்.னு ஒரு வார்த்தையச் சொன்னா டெல்டாவுல இன்னைக்கும் வயசானவங்க பெருமூச்சு விடுவாங்க. 1980கள்ல நிலப் பதிவேட்டப் புதுப்பிக்கிறோம்னு மொத்தமாத் திருத்தி எழுதுனாங்க. அதுல பேரு மாறிப் போனதுக்கும், பரப்பு கொறஞ்சதுக்கும் இன்னமும் ஜமாபந்தியில மனு வாங்கிக்கிட்டு இருக்காங்க. தப்பு செஞ்சவன் ரிட்டையராயி காலமும் ஆயிட்டான். தப்பு மட்டும் கட்டுக் கொலையாம இருக்கு.

ரீட்மீன்னு நீ வைக்கிற அந்தக் குறிப்பும் அடங்கல்தான்டா தம்பி. இதுக்கு மேல ஒரு உவமானம் எனக்குத் தேவையில்ல.

நேத்து டீக்கடையில ஒருத்தன் கேட்டான், "ஒங்க பேரன் என்னாங்க வேல பாக்குறான்?" நான் சொன்னேன், கீபோர்டுல ஒவ்வொரு விசைக்கும் அடியில ஒரு சுவிட்சு, அத வரிசை வரிசையாவும் பத்தி பத்தியாவும் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, நடுவுல ஒரு சில்லு ஓயாம ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கும், எது அமுங்குச்சோ அதோட நம்பர யு.எஸ்.பி. வழியா கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். அதுக்கு 'ஏ'ன்னா 4, 'எச்'னா 11. தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. 11ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்த வேலயப் பாக்கும். அத 'எச்'னு காட்டுறதா 'க'ன்னு காட்டுறதான்னு முடிவு பண்றது கம்ப்யூட்டரு. "அப்ப ஒங்க பேரனுக்கு என்னா வேல?"ன்னான். அந்தத் தடவிப் பாக்குறது, நம்பர் சொல்றது, ஒரே விசை தட்டுனா ஒண்ணு அமுக்கிப் புடிச்சா இன்னொண்ணு, அடுக்கடுக்கா விசைப்பலக, எல்லாம் அவன் எழுதுறதுதான்னேன். டீக்கடைக்காரன் காசு வாங்கல. நீ வந்தா கொடுத்துரு.

ஒன் ஃபர்ம்வேருக்கு ஆதாரமான இந்த க்யூஎம்கே ஒண்ணும் நேத்து மொளச்சதில்ல. ஜப்பான்காரர் ஜுன் வாகோ, டிஎம்கேன்னு ஒண்ணு எழுதி வச்சாரு. அதுலேந்து பிரிச்சு எடுத்து ஜாக் ஹம்பர்ட் வளத்தாரு. ஜிபிஎல் உரிமம், யாரு வேணும்னாலும் எடுக்கலாம், திருத்தலாம். அதுல ஒக்காந்து வேல செய்யிற சில்லு பலதுக்கு எட்மெகா32யு4ன்னு பேரு. அதுல மொத்த எடம் 32 கிலோபைட்டு. புது ஃபர்ம்வேர ஏத்துற பூட்லோடர் 4 எடுத்துக்கிட்டா மிச்சம் 28,672 பைட்டு. அதுக்குள்ள ஒரு வார்த்த கூடப் போச்சுன்னா கம்பைலர் ஒன் மூஞ்சியில எறியும். ஒரு அரைப்புள்ளி விட்டாலும் எறியும். கோடுக்கு இப்புடி ஒரு காவக்காரன் இருக்கான். ரீட்மீக்கு யாரு இருக்கா? அதுல நீ "இந்தக் கீபோர்டு காவேரித் தண்ணியில ஓடும்"னு எழுதி வச்சாலும் கம்பைலர் பச்ச வெளக்குக் காட்டும். தப்பான குறிப்பு எத்தன வருசம் இருந்தாலும் எதுவும் ஒடையாது. படிக்கிறவன் பொறும மட்டுந்தான் ஒடையும். அதுக்குச் சத்தம் கெடையாது.

அதனால ஒனக்கு வசதி. எந்தெந்த எடத்துல தப்ப வளக்கலாம்னு சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல அந்த ரீசெட்டு. சில்லுக்குள்ள புதுசா ஃபர்ம்வேர் ஏத்தணும்னா அத பூட்லோடர் நெலைக்குக் கொண்டாரணும். அதுக்கு ஒரு விசைய ஒதுக்கி வைப்பாங்க. முன்னெல்லாம் அதுக்கு ரீசெட்டுன்னு பேரு. 2022ல அத க்யூகே_பூட்டுன்னு மாத்துனாங்க. எத்தன கீபோர்டோட ரீட்மீயில இன்னமும் "ரீசெட்டுன்னு போட்ட விசைய அமுக்கவும்"னு இருக்கும்னு நெனக்கிற? அத விட்டுரு, திருத்தாத. புதுசா வர்ற புள்ள அந்தப் பேரத் தன் கோடுல போடும், கம்பைலர் தெரியாதும்பான், புள்ள தான் செஞ்சதுதான் தப்புன்னு நெனச்சு ராத்திரி பூரா ஒக்காந்திருக்கும். புஸ்தகம் பொய் சொல்லும்னு மொத நாளே யாருக்கும் தோணாது. அதான் அதோட பலம்.

அப்புறம் அந்த ஸ்பேஸும் 'பி'யும். பூட்மேஜிக்னு ஒரு பழைய வித்த, அதுல அந்த ரெண்டையும் புடிச்சுக்கிட்டு ஒயரச் சொருகுனா பூட்லோடருக்குப் போகும். அந்த முழு வித்தைய எப்பவோ எடுத்துட்டாங்க. இப்ப மிச்சம் இருக்குறது ஒரே விசை, பெரும்பாலும் இடது பக்கத்து மேல் மூல. ஆனா பழைய குறிப்பப் படிச்சவன் ரெண்டு கையாலயும் ரெண்டு விசையப் புடிச்சுக்கிட்டு, ஒயர வாயால சொருகிக்கிட்டு இருப்பான். பாக்க நல்லாத்தான் இருக்கும்.

ப்ரோ மைக்ரோன்னு ஒரு சின்னப் பலக. மலிவா கெடக்கிறதால கையால கம்பி கட்டிக் கீபோர்டு செய்யிறவன் அதத்தான் தேடுவான். அதுல குண்டூசிக் கால் பக்கத்துல 2, 3, 4ன்னு அச்சடிச்சிருக்கும். க்யூஎம்கேக்கு அந்த நம்பர் தெரியாது. பலகையில 2ன்னு இருந்தா கோடுல டி1. 3ன்னு இருந்தா டி0. 5ன்னு இருந்தா சி6. 4ன்னு இருக்குறது மட்டும் டி4. பாத்தியா, யாரு வச்ச பேரோ, ஒரே ஒரு எடத்துல ரெண்டும் ஒத்துப் போகுது. அந்த ஒண்ணப் பாத்துட்டு மத்ததும் அப்புடித்தான்னு நெனச்சவன் கெட்டான். நீ ஒன் குறிப்புல பலக நம்பரப் போடுறியா, சில்லு பேரப் போடுறியான்னு சொல்லவே சொல்லாத. பாதி எடத்துல அது, பாதி எடத்துல இது. படிக்கிறவன் மூளைக்குப் பயிற்சி வேணும்ல?

டயோடு எந்தப் பக்கம் பாக்குதுங்கிறதயும் மறைச்சு வையி. 1என்4148னு சின்னதா, ஒரு மொனையில கருப்புக் கோடு போட்டது. அது பத்தியிலேந்து வரிசைக்குப் போகுதா, வரிசையிலேந்து பத்திக்குப் போகுதான்னு கோடுல ஒரு வார்த்த எழுதணும். கம்பி ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் இருந்தா ஒரு விசையும் வேல செய்யாது. அறுபத்து சொச்சம் டயோட கையால பத்த வச்ச புள்ள என்னா பண்ணும் தெரியுமா? குறிப்ப நம்பி, அறுபத்து சொச்சத்தையும் கழட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி பத்த வைக்கும். மாத்த வேண்டியது ஒரே ஒரு வார்த்த. அந்தப் பாவத்த எந்தக் கணக்குல எழுதுறது?

சிரிக்காத. இதுல எதுவும் எவனும் வேணும்னு சொன்ன பொய் இல்ல. எழுதுன அன்னைக்கு எல்லாம் நெசம். சம்பா நட்ட வருசத்துல சம்பான்னு எழுதுனா தப்பா? அப்புறம் வாழ வச்ச அன்னைக்கு யாரும் புஸ்தகத்த எடுக்கல, அவ்வளவுதான். 2023 பிப்ரவரிய எடுத்துக்க. தட்டுனா எழுத்து, அமுக்கிப் புடிச்சா ஷிப்ட்டுன்னு இரட்ட வேல பாக்குற விசை இருக்கே, வேகமா அடிக்கிறவனுக்கு அது குழப்பும். குழப்பாம இருக்க ஒரு வரி சேத்துக்கணும்னு குறிப்புல இருந்துச்சு. அந்த மாசம் வந்த மாத்தத்துல அந்த வரி கேக்குறதையே இயல்பா ஆக்கிட்டாங்க. இப்ப அந்த வரி வேண்டியதில்ல. ஆனா அதச் சேக்கச் சொல்லுற குறிப்பு ஊரு பூரா கெடக்கு. சேத்தவனக் கேட்டா ஏன் சேத்தேன்னு தெரியாதும்பான். எங்கிட்ட மனு அடிக்க வந்தவன் பாதிப்பேரு, "கனம் பொருந்திய"ன்னு ஆரம்பிங்கன்னு சொல்லுவான். ஏன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடிச்சுக் கொடுத்து காசு வாங்கிக்குவேன்.

ஒங்க க்யூஎம்கேக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல, ஒத்துக்கிறேன். பெரிய பெரிய மாத்தத்தையெல்லாம் தனியா ஒரு கெளையில சேத்து வச்சுக்கிட்டு, வருசத்துக்கு நாலு தடவ, பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் கடைசியில, மொத்தமா உள்ள விடுறான். என்னா மாறுச்சுன்னு பட்டியலும் போடுறான். மேட்டூர ஜூன் 12ல தொறக்கணும்னு கணக்கு, தண்ணி இல்லாத வருசம் அதுவே தள்ளிப் போகுது. இவன் தேதி அந்த அளவுக்குத் தள்ளிப் போறதில்ல. நாலு மொற ஜமாபந்தி. அதுக்கு முன்னால, ஒன் கீபோர்டு ஃபோல்டருக்குள்ள போயி, மாறுன பேரு எதாவது ரீட்மீயில இருக்கான்னு தேடிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். அத நீ செய்ய மாட்ட. ஏன்னா கோடுல பேர மாத்துறதுக்கு அவனே ஒரு கருவி வச்சிருப்பான், அது ஆயிரம் ஃபோல்டர்ல ஓடி மாத்திட்டுப் போயிரும். வாக்கியத்துல இருக்குறத அந்தக் கருவி தொடாது. அது மனுசன் வேல.

இன்னொரு விசயம் பாத்தேன், அதுலதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. நீ ஒரு மாத்தத்த அனுப்புறப்ப ஒரு படிவம் வருதே, அதுல ரெண்டு கட்டம். "இந்த மாத்தத்துக்கு ஆவணத்தையும் மாத்த வேண்டியிருக்கு"ன்னு ஒண்ணு. "அப்புடியே மாத்திட்டேன்"னு ஒண்ணு. நீ ரெண்டையும் காலியா விட்டு அனுப்புற. மொதக் கட்டத்துல டிக்கு போட்டாத்தானே ரெண்டாவதப் பத்திக் கேப்பான்? அடேயப்பா, இந்த மூள ஒங்க தாத்தன் மூளதான்டா, சந்தேகமே இல்ல. வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்க வர்றவன் "வயல்ல வந்து பாத்தீங்களா"ன்னு கேக்க மாட்டான்னு தெரிஞ்சவன் நாங்க.

ஆனா ஒண்ணு. ஒங்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. அடங்கலு ஆபீஸ்ல இருக்கும், வயலு ஊருக்கு அந்தாண்ட இருக்கும், நடுவுல ஆறு, சேறு, வெயிலு. ஒன் கோடும் ஒன் குறிப்பும் ஒரே ரெப்போவுல, பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்ல கெடக்கு. ஒரே கமிட்டுல ரெண்டையும் திருத்தலாம். சில சமயம் அவ்வளவு தூரங்கூட இல்ல. கீமேப் ஃபைல்ல மேல ஒரு படம் போட்டிருப்ப பாரு, கோடும் கட்டமுமா, இந்த விசையில இது, அந்த விசையில அதுன்னு. அதுக்குக் கீழயே கோடு. நீ கோடுல மாத்துன, படத்துல மாத்தல. ஒரே ஃபைலு, ரெண்டு விரக்கட எடவெளி, ரெண்டு வேற சேதி. கர்ணத்துக்கு ஆறு தாண்டணும்னு ஒரு நெசமான காரணமாவது இருந்துச்சு. ஒனக்கு?

இதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க, அதச் சொல்லாம விட்டா பாவம். ஒரே சேதிய ரெண்டு எடத்துல எழுதாம ஒரே எடத்துல எழுதுறது. கீபோர்டு பேரு, சில்லு, எந்தக் கால்ல எந்த வரிசை, விசை எங்கெங்க இருக்கு, எல்லாத்தையும் ஒரு ஜேசன் ஃபைல்ல எழுதிட்டா அதுலேந்தே கோடும் பொறக்கும், திரையில காட்டுற படமும் பொறக்கும். விசைப் பேருக்கும் அப்புடித்தான் அட்டவணை வச்சிருக்காங்க. தானாப் பொறக்குறதுல பொய் வராது. வந்தா ரெண்டுலயும் சேந்து வரும், அப்ப அது வேல செய்யாது, ஒனக்குத் தெரிஞ்சு போயிரும். எழுதாம விட முடிஞ்சத எழுதாத. இது நெசமான புத்திமதி, நையாண்டி இல்ல. மிச்சம் கொஞ்சந்தான் மனுசன் எழுத வேண்டியது: இது ஏன் இப்புடி, எங்க மாட்டும், மாட்டுனா எப்புடி வெளிய வர்றது. அந்த மூணு சேதி எந்த அட்டவணையிலேந்தும் பொறக்காது.

அப்புறம், வயலுக்குப் போ. இப்ப அரசாங்கமே, செல்போனோட வயல்ல நின்னு படம் புடிச்சு ஏத்து, எந்த எடத்துல நின்னன்னு செல்போனே சொல்லும்னு ஆக்கிட்டான். நீ எழுதுன குறிப்ப, அந்தப் பலகைய மின்ன பின்ன பாக்காதவன் கையில கொடு. புதுக் கம்ப்யூட்டர்ல ஒக்கார வையி. பக்கத்துல ஒக்காந்துக்க, ஆனா வாயத் தொறக்காத. ப்ரோ மைக்ரோவுல ரீசெட்டு காலையும் கிரவுண்டு காலையும் சட்டுச் சட்டுன்னு ரெண்டு தடவ தொட வச்சா பூட்லோடரு 8 விநாடி முழிச்சிருக்கும். அந்த 8 விநாடிக்குள்ள ஃபர்ம்வேர் ஏத்துற கட்டளையத் தட்டி முடிக்கணும். நீ தட்டி முடிச்சிருவ, கை பழகுனவன். அவன் "ரெண்டு தடவ"ங்கிறதப் படிச்சு, அந்தக் கம்பியத் தேடி, தொட வச்சு, அப்புறம் கட்டள எங்கன்னு அடுத்த பக்கம் போறதுக்குள்ள சில்லு தூங்கிப் போயிருக்கும். கட்டளைய முன்னாடியே தட்டி வச்சுக்கிட்டு அப்புறம் தொடுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுச்சு. அந்த வரி ஒன் மூளையில எப்பவும் வராது. ஏன்னா ஒனக்குத் தெரியும்.

தமிழுக்கு வருவோம். இங்க ஒனக்கு வாத்தியாரு நான்.

யாழ்ப்பாணத்துக்காரர் ரா. முத்தையான்னு ஒருத்தரு. சிங்கப்பூர்ல இருந்தவரு. தமிழுக்கு டைப்ரைட்டர் விசைப்பலகைய வகுத்து, ஜெர்மனியில மிஷின் செய்ய வச்சாரு. எங்க தலமொறை மொத்தமும் அந்த வழியில வந்த மிஷின்லதான் பொழச்சுச்சு. அதுல நகரா விசைன்னு ஒண்ணு உண்டு. புள்ளிய அடிச்சா வண்டி நகராது, அங்கயே நிக்கும். அப்புறம் 'க' அடிச்சா புள்ளிக்கு அடியில வந்து ஒக்காரும், 'க்'. ஆக, புள்ளி முன்னால, எழுத்து பின்னால. அரசாங்கப் பரிச்சை எழுதுன வெரலு அத மறக்காது.

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. அதுலேந்து வந்தது தமிழ் 99 விசைப்பலக, அந்த வருசமே அரசாங்கமும் ஏத்துக்கிச்சு. எடக் கையில உயிரு, வலக் கையில பெரும்பாலும் மெய்யி. இதுல வரிசை தலகீழு: எழுத்து முன்னால, புள்ளி பின்னால. அதுவும் பாதி நேரம் புள்ளிய அடிக்கவே வேண்டாம். 'க' ரெண்டு தடவ அடிச்சா 'க்க'. 'ந' அடிச்சு 'த' அடிச்சா 'ந்த'. தானா வரும். அப்புடி வரக் கூடாதுன்னா நடுவுல 'அ' அடிக்கணும். அழகான ஏற்பாடு, எனக்கே கை கட்டுப்பட்டுப் போச்சு.

இப்பக் கேளு வேடிக்கைய. ஒரு குறிப்புல "லினக்ஸ்ல தமிழ் 99 இருக்கு"ன்னு எழுதியிருக்கும். நெசந்தான். ஆனா ரெண்டு வழியா இருக்கு. எக்ஸ்கேபி வழியில ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். முன்னால என்னா அடிச்சங்கிறது அதுக்கு ஞாபகம் இருக்காது. அதனால தானாப் புள்ளி வராது. எம்17என் வழியில முன்ன அடிச்சது ஞாபகம் இருக்கும், புள்ளி வரும். பேரு ஒண்ணு, நடத்த ரெண்டு. ரெண்டுக்கும் வித்தியாசத்தச் சொல்லாத குறிப்பப் படிச்சிட்டு ஒருத்தன் "தமிழ் 99 சரியில்ல"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டுப் போயிருவான். எ-கலப்பைன்னு தமிழா குழு கொடுத்ததே, விண்டோஸ்ல ஊரெல்லாம் உழுதது, அது மொதல்ல கீமேன்கிற இன்னொரு எஞ்சின் மேல ஓடுச்சு, அப்புறம் சொந்த எஞ்சினுக்கு மாறுச்சு. எஞ்சின் மாறுனா நிறுவுற மொறையும் மாறும். பழைய குறிப்பக் கையில வச்சிக்கிட்டுப் புதுசத் தேடுனவன் எத்தன பேரோ. 2010ல அரசாங்கம் யூனிகோடுக்கு வந்தப்ப, டேப் எழுத்துரு போடு, டேம் எழுத்துரு போடுன்னு அது வரைக்கும் எழுதுன குறிப்பெல்லாம் ஒரே உத்தரவுல பழசாச்சு.

ஒன் ஃபர்ம்வேரும் இதுல மூக்க நுழைக்கிது. யூனிகோடு எழுத்தையே நேரா அனுப்புவேங்கிறது. 'க'வுக்குச் சைபர், பி, தொண்ணுத்தஞ்சு. லினக்ஸ்ல கண்ட்ரோல், ஷிப்ட்டு, 'யூ' புடிச்சு அந்த நம்பரத் தட்டுற மாதிரி அது நடிக்கும். விண்டோஸ்ல வின்கம்போஸ்னு ஒண்ணு தனியா வேணும். மேக்ல உள்ளீட்டு மொறைய மாத்தி வைக்கணும். 'கி'ன்னா ஒரு எழுத்துக்கு ரெண்டு நம்பரு. இத்தனையையும் விட்டுட்டு "தமிழ் ஆதரவு உண்டு"ன்னு ரெண்டே வார்த்த போட்டிருக்க பாரு, அதப் படிச்சப்ப எனக்கு எலக்சன் நோட்டீசு ஞாபகம் வந்துச்சு.

தமிழ்ல குறிப்ப மொழிபெயர்க்கப் போறேன்னு சொன்ன. செய்யி. ஆனா ஜப்பான்காரன் செஞ்சதப் பாத்துட்டுச் செய்யி. க்யூஎம்கே பக்கங்கள ஜப்பானியத்துல எழுதுனவங்க ஒவ்வொரு பக்கத்துத் தலையிலயும், வாசகன் கண்ணுக்குத் தெரியாத குறிப்பா, இது மூலத்துல எந்தப் பதிப்பப் பாத்து எழுதுனதுன்னு நம்பரு போட்டு, அதுக்கப்புறம் மூலத்துல என்னா மாறுச்சுன்னு காட்டுற கிட் கட்டளையையும் எழுதி வச்சாங்க. அடுத்து வர்றவன் அத எடுத்துத் தட்டுனா போதும், எங்க எங்க பழசாயிருச்சுன்னு அப்புடியே விரிஞ்சிரும். என் ஆயுசுல நான் பாத்த கணக்குப் புஸ்தகத்துலயெல்லாம் இவ்வளவு நாணயமானது இல்ல. என் புஸ்தகம் எப்ப பொய்யாகும்னு புஸ்தகமே சொல்லுது.

கடைசியா, யாரு எழுதுறதுங்கிறது. நீ எழுதாத. நெசமாத்தான் சொல்றேன், நீ மட்டும் எழுதாத. ஒரத்தநாட்டுலயோ மன்னார்குடியிலயோ ஒரு பொண்ணு, பாலிடெக்னிக் படிக்கிறது, மொத தடவ ஒன் பலகைய வாங்கி முழிச்சுக்கிட்டு நிக்கும் பாரு, அதுக்கிட்ட கேளு. எந்த வரியில மாட்டுன, எதப் படிச்சுத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டன்னு அன்னைக்கு ராத்திரியே கேளு. ரெண்டு நாள் கழிச்சு அதுக்கும் மறந்து போகும், ஒன்ன மாதிரியே கெட்டிக்காரியா ஆயிரும். அது அனுப்புற ஒரு வரித் திருத்தத்த, "சின்ன விசயம்"னு மூணு மாசம் கெடப்புல போடாம உள்ள எடுத்துக்க. பேரப் போட்டு நன்றி சொல்லு. கோடு எழுத ஒங்க ஊர்ல ஆயிரம் பேரு கெடப்பான். வயலப் பாத்துட்டு வந்து அடங்கல் எழுத ஆளு கெடைக்கிறது குதிரக் கொம்பு.

நான் வேணும்னா திரும்பவும் புளியமரத்தடிக்கே போறேன். டைப்ரைட்டர் பரண்ல இருக்கு, ரிப்பனு மட்டும் மாத்தணும். ஒன் ரீட்மீய நம்பிக் கெட்டவனுக்கெல்லாம் மனு அடிச்சுக் கொடுத்து மறுபடி ஒரு அஞ்சு மா வாங்கிருவேன். அதுல ஒனக்குப் பங்கு தர மாட்டேன். அது வேண்டாம்னு ஒனக்குத் தோணுச்சுன்னா, சாப்புட்டு எந்திரிச்சதும் ஒன் ஃபோல்டரத் தொறந்து 'ரீசெட்'னு தேடு. வந்த எடத்துலயெல்லாம் மாத்து. மாத்துனத ஒரு தடவ பலகையில செஞ்சு பாத்துட்டு, அந்த ரெண்டு கட்டத்துலயும் டிக்கு போட்டு அனுப்பிட்டுத் தூங்கு.